தொலைபேசிக் கம்பியில் கோப்பு எப்படிப் பிழையில்லாமல் போனது? எக்ஸ்மோடம், கெர்மிட், இசட்மோடம்: ஓர் எளிய விளக்கம்

பழைய கணினிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் எக்ஸ்மோடம், இசட்மோடம் என்ற பெயர்கள் எப்படியும் வந்துவிடும். கூடவே குழப்பமும் வரும். எக்ஸ்மோடம் என்பது ஒரு மோடம் கருவி என்று சிலர் நினைக்கிறார்கள். இசட்மோடம் போட்டால் இணைப்பின் வேகமே கூடிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். 2000 வாக்கில் இணைய மையங்களில் கேட்ட அந்தக் கீச்சொலியும் இரைச்சலும்தான் கோப்பு போகும் சத்தம் என்று நம்புகிறவர்களும் உண்டு.

மூன்றுமே சரியல்ல. ஆனால் உள்ளே நடப்பது கடினமான விஷயமும் அல்ல. கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும், முழுதாகப் புரிந்துகொள்ளலாம்.

மூன்று வேலைகளைப் பிரித்துக்கொள்வோம்

மோடம் என்பது கணினியின் எண்களைத் தொலைபேசியில் போகக்கூடிய ஒலியாகவும், வரும் ஒலியைத் திரும்ப எண்களாகவும் மாற்றும் கருவி. இணைப்பின் தொடக்கத்தில் கேட்ட அந்தச் சத்தம், இரண்டு மோடங்கள் எந்த வேகத்தில் பேசுவது என்று முடிவுசெய்யும் சத்தம். கோப்பு இன்னும் புறப்படவே இல்லை. வேகம் என்பது முழுக்க மோடத்தின் பொறுப்பு. அமெரிக்காவில் 1970களில் தனியார் கைக்கு வந்த மோடங்கள் பெரும்பாலும் நொடிக்கு 300 பிட் அனுப்பின. 1980களில் அது 1200, 2400, 9600 என்று ஏறியது.

பிட் என்பது 0 அல்லது 1. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஓர் எழுத்து என்று வைத்துக்கொள்ளலாம். தொலைபேசிக் கம்பியில் ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு அடையாள பிட் சேர்வதால், பைட்டுக்கு 10 பிட் என்று கணக்கு. அதனால் 300 பிட் வேகம் என்றால் நொடிக்கு 30 எழுத்து.

இரண்டாவது, டெர்மினல் மென்பொருள். பிசி-டாக், கிராஸ்டாக், புரோகாம், டெலிக்ஸ் போன்றவை இந்த வகை. நீங்கள் தட்டுவதை மோடத்துக்கு அனுப்பும், மோடத்திலிருந்து வருவதைத் திரையில் காட்டும்.

மூன்றாவதுதான் நம் விஷயம்: கோப்புப் பரிமாற்ற நெறிமுறை. ஒரு கோப்பை அனுப்பும் மென்பொருளும் வாங்கும் மென்பொருளும் எந்த வரிசையில் என்ன பேச வேண்டும் என்ற ஒப்பந்தம் அது. எக்ஸ்மோடம், ஒய்மோடம், இசட்மோடம், கெர்மிட் எல்லாமே இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள். கடையில் வாங்கும் பெட்டி எதுவும் இல்லை.

அப்படியே அனுப்பினால் என்ன ஆகும்?

முதலில் அப்படித்தான் அனுப்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் கோப்பின் எழுத்துகளைக் கொட்டும், இந்தப் பக்கம் திரையில் வருவதைச் சேமிக்கும். கடிதம் மாதிரி வெறும் எழுத்து என்றால் ஓரளவு சமாளிக்கலாம். கம்பியில் ஒரு இரைச்சல் வந்து நடுவில் இரண்டு எழுத்து கோணலானாலும் படித்துப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அனுப்புவது ஒரு கணினி நிரல் என்றால் ஒரே ஒரு பிட் மாறினாலும் அது ஓடாமல் போகலாம். அதைவிட மோசம், ஓடிக்கொண்டே தப்பான விடை தரலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நிரல் கோப்பில் 0 முதல் 255 வரை எந்த எண்ணும் வரும். அவற்றில் சில எண்களுக்கு வழியில் இருக்கும் கருவிகள் வேறு அர்த்தம் வைத்திருக்கும். உதாரணமாக 19 என்ற எண் பல அமைப்புகளில் "நிறுத்து" என்ற கட்டளை, 17 "தொடர்" என்ற கட்டளை. கோப்பின் நடுவில் 19 வந்தால் அதை ஒரு கருவி கட்டளையாக எடுத்துக்கொண்டு பேச்சையே நிறுத்திவிடும்.

இரைச்சலான போனில் முகவரி சொல்வது போல

கல்யாணப் பத்திரிகை அனுப்ப வேண்டும். பெரியப்பாவிடம் இருக்கும் முகவரிப் பட்டியலை அவர் போனில் வாசிக்கிறார், தம்பி மகன் இங்கே எழுதிக்கொள்கிறான். லைனில் ஒரே இரைச்சல். என்ன செய்வார்கள்?

பெரியப்பா மொத்தப் பட்டியலையும் மூச்சுவிடாமல் வாசிக்க மாட்டார். "இது ஏழாவது" என்று எண்ணைச் சொல்லி ஒரு முகவரியை வாசித்துவிட்டு நிறுத்துவார். அவன் "சரி, பெரியப்பா" என்பான், அல்லது "கேக்கல, திரும்பச் சொல்லுங்க" என்பான். கூடுதல் கவனம் உள்ளவர் என்றால், "பின்கோடு 625001, கூட்டினா 14 வருதா பாரு" என்றும் கேட்பார். இன்னொன்று: அவன் சொன்ன "சரி" பெரியப்பா காதில் விழவில்லை என்றால் அவர் ஏழாவதையே திரும்ப வாசிப்பார். அவன் ஏற்கெனவே ஏழை எழுதிவிட்டதால் மறுபடி எழுதாமல், "சரி, அடுத்தது" என்பான்.

துண்டாகப் பிரிப்பது, எண் கொடுப்பது, கூட்டிச் சரிபார்ப்பது, "சரி" அல்லது "திரும்பச் சொல்" என்று பதில் வாங்குவது. எக்ஸ்மோடம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடும்.

எக்ஸ்மோடம்: 132 பைட்டில் ஓர் ஒப்பந்தம்

1977இல் சிகாகோவைச் சேர்ந்த வார்டு கிறிஸ்டென்சன், சிபி/எம் என்ற அந்தக் கால இயங்குதளத்துக்காக மோடம் என்ற பெயரிலேயே ஒரு நிரல் எழுதினார். பெயர்க் குழப்பத்தின் வேர் அங்கேதான். அதில் இருந்த பேச்சுமுறைக்குப் பின்னாளில் எக்ஸ்மோடம் என்ற பெயர் நிலைத்தது. இதே கிறிஸ்டென்சன்தான் நண்பர் ராண்டி சூஸுடன் சேர்ந்து, 1978 தொடக்கத்தில் சிகாகோவைப் பனிப்புயல் முடக்கிப்போட்ட நாட்களில், போன் போட்டுச் செய்தி வாசித்து எழுதக்கூடிய முதல் கணினி அறிவிப்புப் பலகையை உருவாக்கினார். நிரலை அவர் விற்கவில்லை, எல்லோருக்கும் பொதுவில் விட்டார். எக்ஸ்மோடம் ஏறக்குறைய எல்லாச் சிறு கணினிகளுக்கும் பரவியதற்கு அதன் எளிமை பாதிக் காரணம், இந்தப் பெருந்தன்மை மீதிக் காரணம் என்பேன். அவர் 2024இல் மறைந்தார்.

ஒப்பந்தம் இதுதான். கோப்பை 128 பைட் துண்டுகளாக வெட்ட வேண்டும். ஏன் 128? சிபி/எம் வட்டில் ஒரு பிரிவின் அளவு அதுதான். ஒரு பிரிவை எடு, அனுப்பு, அங்கே ஒரு பிரிவாக எழுது.

ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் மூன்று பைட்: "துண்டு தொடங்குகிறது" என்று சொல்லும் எண் 1, பிறகு துண்டின் வரிசை எண், அதன் பிறகு 255இலிருந்து அந்த வரிசை எண்ணைக் கழித்தது. ஏழாவது துண்டு என்றால் 7, 248. இரண்டையும் கூட்டினால் 255 வர வேண்டும். வரவில்லை என்றால் வரிசை எண்ணே வழியில் கெட்டுவிட்டது என்று அர்த்தம். பிறகு 128 பைட் சரக்கு. கடைசியில் ஒரு பைட், சரிபார்ப்புக் கூட்டல். 128 எண்களையும் கூட்டி, 256ஆல் வகுத்து வரும் மீதி அது. மொத்தம் 132 பைட்.

வாங்கும் பக்கம் தானும் கூட்டிப் பார்க்கும். பொருந்தினால் 6 என்ற ஒரே ஒரு பைட்டைத் திருப்பி அனுப்பும். இதை "ஆக்" என்பார்கள், "சரி" என்று பொருள். பொருந்தாவிட்டால் 21, இது "நாக்", "திரும்பச் சொல்". அனுப்பும் பக்கம் பதில் வரும்வரை காத்திருக்கும். எல்லாம் முடிந்தால் 4 என்ற எண்ணை அனுப்பி விடைபெறும்.

பேச்சைத் தொடங்கி வைப்பது வாங்கும் பக்கம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அது தயாரானதும் ஒரு நாக் அனுப்பும். "திரும்பச் சொல்" என்பதே முதல் முறை வரும்போது "சொல்லு" என்று ஆகிவிடுகிறது. தொடங்குவதற்கென்று தனிக் குறியீடு எதுவும் தேவைப்படவில்லை.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கோப்பின் பெயரையோ அளவையோ எக்ஸ்மோடம் சொல்லாது. கடைசித் துண்டு 128க்குக் குறைவாக இருந்தால் மீதி இடத்தை, பெரும்பாலும் 26 என்ற எண்ணால், நிரப்பி அனுப்பும். அதனால் வந்து சேர்ந்த கோப்பு அசலைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கும்.

இதுவரை பார்த்ததில் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: எக்ஸ்மோடம் பிழையைத் திருத்துவதில்லை. பிழையைக் கண்டுபிடிக்கிறது, பிறகு அதே துண்டைத் திரும்பக் கேட்கிறது.

கூட்டல் ஏமாறும் இடம்

இரண்டு எண்கள் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது. 40, 70 என்பது 70, 40 என்று வந்தாலும் கூட்டினால் 110தான். ஓர் எண்ணில் 8 கூடி இன்னொன்றில் 8 குறைந்தாலும் அப்படியே. தாறுமாறாகக் கெட்டுப்போன துண்டு ஒன்று தற்செயலாகக் கூட்டலில் தப்பித்துவிட 256இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. தொலைபேசி இரைச்சல் ஒரு பிட்டோடு நிற்பதில்லை, கொத்தாக வந்து தாக்கும். 2400 பிட் வேகத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் "டக்" என்று சத்தம் வந்தாலே 24 பிட் கெட்டுப்போகும்.

இதற்குத் தீர்வாக வந்தது சிஆர்சி. கூட்டுவதற்குப் பதிலாக, துண்டு முழுவதையும் ஒரே நீளமான எண்ணாகப் பாவித்து, முன்பே பேசிவைத்த ஓர் எண்ணால் ஒரு தனி முறையில் வகுத்து, மீதியை அனுப்புவது அது. வகுத்தலில் ஒவ்வொரு இலக்கத்தின் இடமும் முக்கியம் என்பதால், இடம் மாறினால் மீதியும் மாறிவிடும். 16 பிட் சிஆர்சி, 16 பிட்டுக்குள் அடங்கும் எந்தக் கொத்துப் பிழையையும் தவறாமல் பிடிக்கும். அதைவிட நீண்டவற்றில் தப்புவது ஏறத்தாழ 65,536இல் ஒன்று.

ஜான் பைர்ன்ஸ் இதை எக்ஸ்மோடத்தில் சேர்த்தபோது பழைய மென்பொருளை ஒதுக்கிவிடவில்லை. வாங்கும் பக்கத்துக்கு சிஆர்சி தெரியும் என்றால், தொடக்கத்தில் நாக்குக்குப் பதிலாக "சி" என்ற ஆங்கில எழுத்தை அனுப்பும். எதிர்ப்பக்கம் புரிந்துகொண்டால் சிஆர்சி. சில தடவை அனுப்பியும் பதில் இல்லை என்றால் பழையபடி நாக், பழையபடி கூட்டல்.

காத்திருப்புதான் உண்மையான செலவு

"இசட்மோடம் வேகமானது" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பது இந்தக் கணக்கில் தெரியும். நிதானமாகப் பாருங்கள்.

300 பிட் வேகத்தில் 132 பைட் போக 4.4 நொடி. அதன் பிறகு "சரி" வந்து சேர அரை நொடி தாமதம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நொடிக்குப் பக்கத்தில் அரை நொடிதானே வீண். யாரும் கவலைப்பட மாட்டார்கள். 1977இன் உலகம் அதுதான்.

2400 பிட் வேகத்தில் அதே துண்டு 0.55 நொடியில் போய்விடும். தாமதம் அதே அரை நொடி. இப்போது கிட்டத்தட்டப் பாதி நேரம் கம்பி சும்மா கிடக்கிறது. 100 கிலோபைட் கோப்பு என்றால் 800 துண்டு. இடைவிடாமல் போனால் 7 நிமிடம் 20 நொடி. ஒவ்வொரு துண்டுக்கும் அரை நொடி காத்திருந்தால் 14 நிமிடம். 9600 பிட்டில் துண்டு 0.14 நொடியில் போகும், காத்திருப்பு அதைப்போல மூன்றரை மடங்கு.

மோடம் வேகமாக ஆக ஆக, எக்ஸ்மோடத்தால் வீணாகும் பங்கு கூடிக்கொண்டே போகிறது. குறை மோடத்தில் இல்லை. "ஒவ்வொரு துண்டுக்கும் சரி வாங்கிக்கொண்டுதான் அடுத்தது" என்ற ஒப்பந்தத்தில் இருக்கிறது.

நேரடியாக ஊருக்குள் போன் போட்டால் தாமதம் இவ்வளவு இருக்காது. ஆனால் அமெரிக்காவில் டெலிநெட் போன்ற வலையமைப்புகள் வழியாக இணைந்தவர்களுக்கு, பைட்டுகள் பொட்டலங்களாகக் கட்டப்பட்டுப் பல இடம் தாண்டிப் போவதால், தாமதம் நன்றாகவே உறைத்தது.

முதல் வைத்தியம், துண்டைப் பெரிதாக்குவது. 128க்குப் பதிலாக 1024 பைட் அனுப்பினால் காத்திருக்கும் தடவைகள் எட்டில் ஒன்றாகக் குறையும். ஆனால் இரைச்சலான லைனில் ஒரு சின்னப் பிழைக்காக 1024 பைட்டையும் திரும்ப அனுப்ப வேண்டும்.

கெர்மிட்: வேறு ஒரு சிக்கலுக்கு வேறு ஒரு விடை

இங்கே கொஞ்சம் விலகி நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். 1981இல் அங்கே ஃபிராங்க் டா குரூஸும் பில் கேட்சிங்ஸும் கெர்மிட்டை உருவாக்கினார்கள். பெரிய பொதுக் கணினியில் மாணவர்களுக்கு வட்டு இடம் போதவில்லை. அவர்கள் தங்கள் கோப்புகளைச் சிறு கணினி வழியாக ஃபிளாப்பியில் எடுத்துவைக்க ஒரு வழி தேவைப்பட்டது. மப்பெட் என்ற பொம்மை நிகழ்ச்சியில் வரும் தவளையின் பெயர்தான் இதற்கும்.

அந்தப் பெரிய கணினிகளின் இணைப்புகள் எட்டு பிட்டையும் அப்படியே கடத்தாது. சில எண்களைக் கட்டளை என்று விழுங்கிவிடும். எக்ஸ்மோடம் அங்கே வேலை செய்யாது. கெர்மிட் என்ன செய்தது? ஆபத்தான எண்களை எல்லாம் சாதாரண எழுத்துகளாக வேடம் மாற்றி அனுப்பியது. எண் 1ஐ அனுப்ப வேண்டும் என்றால், அதனோடு 64 கூட்டி 65 ஆக்கி, முன்னால் # குறியைப் போடும். வாங்கும் பக்கம் # பார்த்ததும் அடுத்ததிலிருந்து 64ஐக் கழித்துக்கொள்ளும். எட்டாவது பிட்டுக்கும் இதேபோல & குறி.

இதனால் அனுப்பும் அளவு கூடும், நேரம் கூடும். "கெர்மிட் மந்தம்" என்ற கெட்ட பெயர் இங்கேதான் ஒட்டிக்கொண்டது. நியாயமில்லாத பெயர் என்பேன். மற்ற நெறிமுறைகள் நுழையவே முடியாத இடத்தில் அது பிழையில்லாமல் கொண்டு சேர்த்தது. பின்னாளில் நீளமான துண்டுகளும், பதிலுக்கு நிற்காமல் சில துண்டுகளை முன்கூட்டி அனுப்பும் வசதியும் அதற்கு வந்துவிட்டன.

ஒய்மோடம், இசட்மோடம்

போர்ட்லேண்ட் நகரில் ஓமன் டெக்னாலஜி என்ற நிறுவனம் நடத்திய சக் ஃபோர்ஸ்பெர்க்கின் கைவண்ணம் இவை இரண்டும். ஒய்மோடத்தில் 1024 பைட் துண்டும் சிஆர்சியும் உண்டு. முக்கியமான மாற்றம், துண்டு எண் 0. கோப்பின் பெயரும் அளவும் முதலில் அதில் போகும். அளவு தெரிந்துவிட்டதால் கடைசியில் நிரப்பிய பைட்டுகளை வெட்டிவிடலாம். பல கோப்புகளை வரிசையாகவும் அனுப்பலாம்.

இசட்மோடம் 1986இல் வந்தது. அதை எழுதப் பணம் கொடுத்தது மேலே சொன்ன டெலிநெட். தாமதத்தின் வலி அவர்களுக்குத்தானே தெரியும்! அதனால் காத்திருப்பையே ஃபோர்ஸ்பெர்க் எடுத்துவிட்டார். அனுப்பும் பக்கம் நிறுத்தாமல் கொட்டிக்கொண்டே போகும். வாங்கும் பக்கம் எல்லாம் சரியாக இருக்கும்வரை வாய் திறக்காது. பிழை கண்டால் மட்டும், "கோப்பின் 40,960ஆவது பைட்டிலிருந்து மறுபடி" என்று இடத்தைக் குறிப்பிட்டுச் சொல்லும். பெரியப்பா வாசித்துக்கொண்டே போகிறார், பையன் "பொறுங்க, 31லிருந்து திரும்ப" என்று குறுக்கிட்டால் மட்டும் பின்னால் போகிறார், அவ்வளவுதான்.

துண்டின் வரிசை எண்ணை விட்டுவிட்டு, கோப்பில் எத்தனையாவது பைட் என்ற இடத்தைச் சொல்லும் முறைக்கு மாறியதால் இன்னொரு பெரிய நன்மை கிடைத்தது. பாதியில் லைன் அறுந்துபோனால், மறுபடி இணைந்ததும் வாங்கும் பக்கம் தன்னிடம் உள்ள அளவைப் பார்த்து அங்கிருந்தே தொடரச் சொல்லலாம். நிமிடத்துக்குக் காசு கட்டி வெளியூர் போன் போட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள். சிஆர்சியும் 32 பிட்டாக வளர்ந்தது.

ஆக, இசட்மோடம் மோடத்தின் வேகத்தைத் தொடவே இல்லை. 2400 பிட் மோடம் 2400 பிட் மோடமாகவே இருந்தது. சும்மா கிடந்த நேரம்தான் பயனுக்கு வந்தது.

"மோடமே பிழை பார்க்கிறதே, பிறகு இது எதற்கு?"

1980களில் பிழை பார்க்கும் மோடங்கள் வந்தன, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் வி.42 என்ற தரமும் வந்தது. மோடங்களே தங்களுக்குள் பிழையைக் கண்டுபிடித்துத் திரும்ப அனுப்பிக்கொண்டன. இனி நெறிமுறையில் சரிபார்ப்பு வேண்டாம் என்ற எண்ணம் பரவியது. இப்படிப் பிழை பார்க்கும் மோடங்களை நம்பித்தான், வி.42க்கு முன்பே, ஒய்மோடம்-ஜி என்ற வகை வந்தது. அது துண்டுக்குத் துண்டு "சரி" கேட்காமல் அனுப்பும், பிழை வந்தால் முழுப் பரிமாற்றத்தையும் கைவிட்டுவிடும்.

ஆனால் மோடம் காப்பது இரண்டு மோடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை மட்டுமே. மோடத்திலிருந்து கணினிக்குள் வரும் வழி பாக்கி. ஆரம்ப ஐபிஎம் பிசிகளில், பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் தொடர் இணைப்பைக் கவனித்த 8250 என்ற சில்லு, வந்த பைட்டில் ஒன்றை மட்டுமே கையில் வைத்திருக்கும். அதைக் கணினி எடுப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டால் முந்தையது போச்சு. பிறகு வந்த 16550 சில்லு 16 பைட் வரை தாங்கியது. கம்பியில் சுத்தமாக வந்த கோப்பு மேசை மீதே கெடலாம் என்பதால், கடைசி முனை வரை சரிபார்க்கும் இசட்மோடம் தேவையாகவே இருந்தது.

இணையத்தில் கோப்பு அனுப்பும் முறையான எஃப்டிபியோடு இவற்றைக் குழப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எஃப்டிபி பிழையைத் தானாகப் பார்ப்பதில்லை. அதற்குக் கீழே டிசிபி என்ற அடுக்கு அந்த வேலையைச் செய்துவிடுகிறது. எக்ஸ்மோடத்துக்குக் கீழே அப்படி யாரும் இல்லை. எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இன்னும் எங்கே இருக்கிறது?

விண்டோஸ் 95 முதல் எக்ஸ்பி வரை ஹைப்பர்டெர்மினல் பயன்படுத்தியவர்கள், கோப்பு அனுப்பும் பெட்டியில் இந்தப் பெயர்கள் வரிசையாக நின்றதைப் பார்த்திருப்பார்கள். லினக்ஸில் இசட்மோடம் நிரல்கள் இன்றும் கிடைக்கின்றன. திசைவி, கேமரா, சிறு மின்னணுப் பலகை போன்ற கருவிகளைத் தட்டி எழுப்பும் யு-பூட் என்ற தொடக்க நிரலில் எக்ஸ்மோடம், ஒய்மோடம், கெர்மிட் மூன்றுக்குமே கட்டளைகள் உண்டு.

ஒரு கருவியின் மென்பொருள் அடியோடு கெட்டுப்போய், வலையிணைப்பும் வேலை செய்யாத நிலையில், தொடர் இணைப்புக் கம்பி ஒன்றே மிச்சம் இருக்கும். தொடக்க நிரலுக்குக் கிடைக்கும் நினைவிடமும் மிகச் சிறியது. எக்ஸ்மோடத்தை வாங்கும் பக்கத்துக்கு எழுத நூற்றுச் சில வரிகள் போதும். அதன் பெரிய குறையான காத்திருப்பும் அங்கே உறைக்காது. கம்பியின் நீளம் ஒன்றிரண்டு மீட்டர்தான். "சரி" என்ற அந்த ஒற்றை பைட் உடனே வந்துவிடும்.